மேல் பொத்தான்

சால்தோ நகரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில்
எல்லாருக்கும் வெள்ளை அங்கிதான்.
கழுத்தில் நீல நாடா, முடிச்சு முன்பக்கம்.
பொத்தான்கள் மட்டும் முதுகில்.
எந்தத் தையல்காரருக்குத் தோன்றியதோ,
தனியாக யாராலும் போட்டுக்கொள்ள முடியாது.
காலை வரிசையில் முன்னால் நிற்பவருக்குப்
பின்னால் நிற்பவர் மாட்டிவிட வேண்டும்.
ஜூலைக் குளிரில் விரல் விறைத்துப்போய்
ஒரு பொத்தானுக்கு ஒரு நிமிடம் ஆகும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை
லிசாந்த்ரோவுக்கு மாட்டிவிட்டவன் ஃபகுந்தோ.
மாட்டியதோடு விடவில்லை.
கறுப்பு மார்க்கர். ஒரே சொல்: அழுகல்.
லிசாந்த்ரோவின் அம்மா ஆரஞ்சுக் கிடங்கில்
கெட்ட பழம் பொறுக்கிப் போடுகிறவர்.

நான் பார்த்தேன்.
சிரிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.
வாயைப் பொத்திக்கொண்டேன்.
பொத்திய கைக்குள் என்ன இருந்ததென்று
எனக்குத் தெரியும்.

இருபத்துமூன்றை ஏழால் பெருக்கச் சொல்லிக்
கரும்பலகைக்கு அழைத்தார் நெலிதா டீச்சர்.
எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று
நூற்று அறுபத்தொன்று என்று எழுதினான்.
சரியான விடை.
வகுப்பு சிரித்தது.
அழித்தான்.
நூற்று ஐம்பத்தொன்று.
மறுபடியும் சிரிப்பு.
அதையும் அழித்தான்.
தப்பு கணக்கில்தான் என்று நினைத்துக்கொண்டு
கையில் சாக்குக்கட்டியோடு
இன்னொரு விடையைத்
தேடிக்கொண்டே நின்றான்.

டீச்சர் நல்லவர். ஆனால் அவசரக்காரர்.
அருகில் போய்ப் பார்த்து
"யார் இதை எழுதினது?" என்று
கூரை அதிரக் கத்தினார்.
எழுதியிருப்பதே அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.
கையைப் பின்னால் வளைத்து வளைத்து
அங்கியைக் கழற்றி
எங்கள் எல்லார் முன்னாலும் படித்தான்.

ஃபகுந்தோவின் அப்பாவை வரச்சொன்னார்கள்.
மன்னிப்பும் நடந்தது:
ஒருவன் தரையிடம் கேட்டான்,
மற்றவன் சன்னலிடம் பரவாயில்லை என்றான்.

மறுநாளும் அதே அங்கி. வேறு இல்லை போலும்.
இரவெல்லாம் பிளீச்சிங் பவுடரில் ஊறி
கறுப்பு வெளிறி ஊதாவாகி
தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி
அங்கேயே இருந்தது.
நான் ஃபகுந்தோவின் மேசைக்குப் போனேன்.
லிசாந்த்ரோவுக்கு நேர் பின் இருக்கை அது.
"இடம் மாத்திக்கலாம்."
"எதுக்கு மைத்தே?"
"எனக்கு இங்க உட்காரணும்."
என் முகத்தைப் பார்க்காமலே
புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனான்.

ஐந்து வாரம் அந்த முதுகைப் பார்த்திருந்தேன்.
உச்சந்தலையில் இரட்டைச் சுழி.
பெருக்கும்போது தோளில் ஒரு சின்ன ஆட்டம்.
யாராவது தும்மினால்கூட விறைக்கிற கழுத்து.
புறம் பேசுவது என்கிறோமே,
ஆளுக்கொரு புறம் இருக்கிறது,
தன் கண் எட்டாத இடம்.
அதை அடுத்தவரை நம்பி விட்டுவிட்டுத்தான்
எல்லாரும் முன்னே பார்த்து நடக்கிறோம்.
என் பழைய இடத்தில், இரண்டாம் வரிசையில்,
ஃபகுந்தோவும் இப்போது
அடிக்கடி திரும்பிப் பார்க்கிறான்.

லிசாந்த்ரோ யாரிடமும் பொத்தான் கேட்பதில்லை.
கீழே உள்ளவற்றை எப்படியோ தானே மாட்டி,
மேல் பொத்தானைத் திறந்தே விட்டு வருவான்.
வரிசையில் நிற்காமல்
சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பான்.
மாட்டிவிடட்டுமா என்று நான் கேட்கவில்லை.
கேட்டால், வேண்டாம் என்று சொல்லும் வேலையும்
அவன் தலையில் விழும்.

ஆகஸ்டு முடிகிற ஒரு காலை.
ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனி
கொடிக்கம்பத்தைப் பாதி விழுங்கியிருந்தது.
சுவரை விட்டு வந்தான்.
என் முன்னால் நின்றான், முதுகைக் காட்டி.
"மேல எட்டல" என்றான்,
கொடி இருக்க வேண்டிய திசையைப் பார்த்தபடி.

கையுறையைக் கழற்றினேன்.
விரல் விறைத்திருந்தது, துளை சின்னது.
நேரம் ஆயிற்று.
அவன் அசையவில்லை.